மூன்று வயதில் எங்கே சேர்ப்பது? நான்கு வழிகளும் நான்கு கோட்பாடுகளும்

பொங்கல் கழிந்ததும் சின்னக் குழந்தை இருக்கும் வீடுகளில் ஒரு பேச்சு தொடங்கிவிடும். ஜூனில் பிள்ளைக்கு மூன்று வயது முடிந்திருக்கும், எங்கே சேர்ப்பது? பக்கத்துத் தெரு அங்கன்வாடியா, வேன் வாசலுக்கு வரும் ஆங்கில வழிப் பள்ளியின் பிரி-கே.ஜி.யா, குழந்தைகள் தாமே வேலையைத் தேர்ந்து செய்யும் மாண்டிசோரிப் பள்ளியா, இல்லை இன்னும் ஒரு வருஷம் பாட்டியிடமே இருக்கட்டுமா? பெரும்பாலான வீடுகளில் கட்டணமும் தூரமும் வேனும் சேர்ந்து இந்த முடிவை எடுத்துவிடுகின்றன. அவற்றைத் தள்ளிவிட முடியாது, சரி. ஆனால் சின்னக் குழந்தை எப்படி வளர்கிறது, எப்படிக் கற்கிறது என்பது பற்றி வளர்ச்சி உளவியலில் நூறு ஆண்டு உழைப்பு குவிந்து கிடக்கிறது. ஆசிரியர் தகுதித் தேர்வின் முதல் தாளில் குழந்தை வளர்ச்சிக்கென்றே 30 மதிப்பெண் ஒதுக்கியிருக்கிறார்கள். தேர்வு எழுதுபவர்கள் பியாஜே, வைகாட்ஸ்கி, எரிக்சன் என்று பெயர்களையும் நிலைகளையும் மனப்பாடம் செய்கிறார்கள். பெற்றோருக்கோ அதில் ஒரு துளியும் வந்து சேருவதில்லை.

இந்தக் கோட்பாடுகளில் எது சரி, எது தவறு என்று தீர்ப்புச் சொல்வது இங்கே வேலையில்லை. ஒவ்வொன்றும் குழந்தையிடம் வேறு வேறு விஷயத்தைப் பார்க்கிறது. மூன்று வயதுக்கு எந்தக் கேள்வியை முதலில் கேட்க வேண்டும் என்பதுதான் முக்கியம். என் வரிசையில் பவுல்பி முதலில் வருகிறார், அடுத்து வைகாட்ஸ்கி. பியாஜேயும் எரிக்சனும் அதற்கப்புறம். பாடப்புத்தகங்கள் பியாஜேயில் தொடங்கும். பள்ளி தேடும் பெற்றோருக்கு அந்த வரிசை உதவாது.

முதல் கேள்வி: அங்கே யாரிடம் ஒட்டிக்கொள்ளும்?

ஜான் பவுல்பி இங்கிலாந்து மனநல மருத்துவர். இரண்டாம் உலகப் போருக்குப் பின் வீடிழந்த குழந்தைகளைப் பற்றி உலக சுகாதார நிறுவனத்துக்காக 1951-ல் ஓர் அறிக்கை எழுதினார். குழந்தைக்குச் சோறு மட்டும் போதாது, பயந்தால் ஓடிப்போய் ஒட்டிக்கொள்ள நிலையான ஓர் ஆள் வேண்டும் என்பது அவர் வாதத்தின் சாரம். ஆரம்பத்தில் அந்த ஆள் பெரும்பாலும் தாய்தான் என்பதுபோல எழுதினார். பிற்கால ஆய்வுகள் அதைத் தளர்த்தின. அம்மா, பாட்டி, அத்தை, அப்பா என்று சிலரிடம் குழந்தை ஒரே சமயத்தில் பற்று வைக்கும். நம் கூட்டுக் குடும்பங்களைப் பார்த்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது.

பவுல்பியோடு வேலை செய்த மேரி எயின்ஸ்வர்த், 1950-களின் நடுவில் உகாண்டா கிராமங்களில் தாய்களையும் குழந்தைகளையும் வீடு வீடாகப் போய்க் கவனித்தவர். பிறகு அமெரிக்காவின் பால்டிமோரில் ஒரு சோதனையை வடிவமைத்தார். புது அறையில் ஒரு வயதுக் குழந்தையை விட்டு அம்மா சில நிமிடம் வெளியே போவார், திரும்பி வருவார். அவர் அதிகம் கவனித்தது அந்தத் திரும்பி வரும் நொடியை. அம்மாவிடம் ஓடி, ஆறுதல் பெற்று, மறுபடி விளையாடப் போகிறதா? பற்று உறுதியாக இருக்கும் குழந்தை அப்படிச் செய்தது. சில குழந்தைகள் அழவே இல்லை, அம்மா வந்தபோதும் திரும்பிப் பார்க்கவில்லை. அமைதியான குழந்தை என்றுதான் நாம் நினைப்போம். எயின்ஸ்வர்த் அதைத் தவிர்க்கும் பற்று என்று வகைப்படுத்தினார்.

ஜூன் மாதத்துப் பள்ளி வாசலுக்கு இதைக் கொண்டுவந்து பாருங்கள். முதல் நாள் கேட்டில் அம்மாவின் கையைப் பிய்த்து எடுத்து, அழுகிற பிள்ளையை ஆயா தூக்கிக்கொண்டு போகிறார். நான்காம் நாள் பிள்ளை சத்தமில்லாமல் போகிறது. "செட் ஆயிட்டான்" என்று சொல்கிறார்கள். பவுல்பியின் சகா ஜேம்ஸ் ராபர்ட்சன், மருத்துவமனையில் தனியே விடப்பட்ட ஒரு இரண்டு வயதுக் குழந்தையை 1952-ல் படம் பிடித்தார். பிரிவில் குழந்தை முதலில் எதிர்த்து அழும், பிறகு சோர்ந்து ஒடுங்கும், அதன்பின் ஒட்டாமல் விலகும் என்பதை அவர்கள் அடையாளம் கண்டார்கள். ஒடுங்கிப்போனதைப் பழகிவிட்டது என்று மருத்துவமனைகள் எடுத்துக்கொண்டன. பள்ளியில் நான்கு மணி நேரம் இருப்பதும் மருத்துவமனையில் நாள் கணக்கில் கிடப்பதும் ஒன்றல்ல. ஆனாலும் அழுகை நின்றது என்பதை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்யக்கூடாது என்று அந்தப் படத்திலிருந்து எடுத்துக்கொள்ளலாம். அழுதபோது யாரிடம் போனது, அந்த ஆள் நாளையும் அங்கே இருப்பாரா என்பதைக் கேட்க வேண்டும்.

வேலைக்குப் போகும் அம்மாக்கள் பவுல்பி பெயரைக் கேட்டாலே குற்ற உணர்வில் சுருங்கிப்போகிறார்கள். அதற்குத் தேவையில்லை. அமெரிக்காவில் 1991-ல் தொடங்கி ஆயிரத்து முந்நூறுக்கும் மேற்பட்ட குழந்தைகளைத் தொடர்ந்த பெரிய ஆய்வில், பகல்நேரக் காப்பகத்தில் விடுவது மட்டுமே தாய்மீதுள்ள பற்றைக் குலைப்பதாகத் தெரியவில்லை. வீட்டிலும் அரவணைப்பு குறைந்து, காப்பகமும் மோசமாக இருந்தால்தான் பிரச்சினை கூடியது.

நான்கு வழிகளில் இந்தக் கேள்விக்குப் பாட்டி வீடு எளிதாகத் தேறிவிடும். அங்கன்வாடியிலும் பெரும்பாலும் வருஷக்கணக்கில் ஒரே டீச்சர்தான் இருப்பார், அதே ஊரோ பக்கத்து ஊரோ, குழந்தையின் குடும்பத்தையே தெரிந்தவர். குறைந்த சம்பளத்தில் டீச்சர்கள் ஆண்டுக்கு ஆண்டு மாறிக்கொண்டே இருக்கும் சின்னத் தனியார் பள்ளிகள் இங்கேதான் சறுக்குகின்றன. "இந்த வகுப்பு மிஸ் எத்தனை வருஷமாக இங்கே இருக்கிறார்?" என்று பள்ளி அலுவலகத்தில் கேட்டால் பதில் தயங்கி வருகிறதா என்று கவனியுங்கள்.

இரண்டாவது: அங்கே யார் அதனோடு பேசுவார்?

ரஷ்ய உளவியலாளர் லெவ் வைகாட்ஸ்கி 1934-ல் 37 வயதில் காசநோயால் இறந்தார். அடுத்த இரண்டு ஆண்டுகளில் சோவியத் அரசு அவர் எழுத்துகளை ஒதுக்கிவைத்தது. ஆங்கிலத்தில் 1962-ல் முதல் நூல் வந்த பிறகுதான் உலகம் அவரைப் பரவலாகப் படித்தது. இந்த நால்வரில் பள்ளி தேர்ந்தெடுக்க அதிகம் உதவுபவர் இவர்தான் என்பது என் எண்ணம்.

அவர் சொன்ன உதாரணம் ஒன்று. இரண்டு குழந்தைகள், இருவரும் தனியாகச் செய்யும்போது எட்டு வயதுக்குரிய கணக்கு வரை போடுகிறார்கள். பெரியவர் ஒரு குறிப்புக் கொடுத்து, தொடங்கிவைத்து, கேள்வி கேட்டு உதவினால் ஒரு குழந்தை ஒன்பது வயதுக் கணக்கு வரை போகிறது, இன்னொன்று பன்னிரண்டு வரை போகிறது. இருவரும் சமம் என்று எப்படிச் சொல்வது? தனியாக முடிவதற்கும் துணையோடு முடிவதற்கும் நடுவே உள்ள இடத்தை அண்மை வளர்ச்சி மண்டலம் என்று நம் பாடநூல்கள் சொல்கின்றன. கற்றல் நடப்பது அங்கேதான். 1976-ல் உளவியலாளர் புரூனரும் சகாக்களும் இந்த உதவிக்குச் சாரம் கட்டுதல் என்று பெயர் வைத்தார்கள். கட்டடம் எழும்போது கட்டி, நின்றதும் பிரித்துவிடும் சாரம்தான்.

அந்தச் சாரம் கட்டுவது பேச்சால். மூன்று வயதுக் குழந்தை "ஏன் மழை வருது?" என்று கேட்கும்போது "நீ என்ன நினைக்கிறே?" என்று திருப்பிக் கேட்கும் ஆள் ஒருவர் வேண்டும். அதற்குக் குழந்தைக்கும் டீச்சருக்கும் பொதுவான மொழி வேண்டும். நம் ஊர் ஆங்கில வழி மழலையர் வகுப்புகள் பலவற்றில் இது உடைந்துபோவதைப் பார்க்கிறேன். சின்னக் குழந்தைக்கு இரண்டு மொழி பாரமே இல்லை, நன்றாகப் பேசக் கேட்டால் இரண்டையும் பிடித்துக்கொள்ளும். டீச்சருக்கே ஆங்கிலம் சரளமில்லாதபோது வகுப்பில் மிஞ்சுவது "சிட் டவுன்", "கம் ஹியர்", "டோன்ட் டாக்" மட்டும். தமிழில் கேட்டால் திட்டு விழும் என்பதால் குழந்தை கேள்வி கேட்பதையே விட்டுவிடுகிறது. வருஷக் கடைசியில் அது இருபது ரைம்ஸ் ஒப்பிக்கும். மழை ஏன் வருகிறது என்று கேட்காது. எனக்கு இது பெரிய இழப்பு.

"வாயில் விரல் வை" என்ற கட்டளையையும் இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும். குழந்தை விளையாடும்போது தனக்குத்தானே பேசிக்கொள்ளும்: "இப்ப இதை இங்க வைக்கணும், அய்யோ விழுந்துடுச்சு". பியாஜே இதைத் தன்னைமையப் பேச்சு என்று சொல்லி, வயது ஏற ஏற உதிர்ந்துவிடும் என்றார். வைகாட்ஸ்கி மறுத்தார். அந்தப் பேச்சு உதிர்வதில்லை, உள்ளே போய்ச் சிந்தனை ஆகிறது என்றார். வேலை கடினமாகும்போது இந்தப் பேச்சு கூடுவதையும் அவர் காட்டினார். பின்வந்த ஆய்வுகள் பெரும்பாலும் வைகாட்ஸ்கி பக்கம்தான் நிற்கின்றன. சத்தமே இல்லாத எல்.கே.ஜி. வகுப்பைக் காட்டிப் பள்ளி பெருமைப்பட்டால் பெற்றோர் கவலைப்பட வேண்டும்.

இன்னொன்று, வயது கலந்த வகுப்பு. வைகாட்ஸ்கி சொன்ன துணை டீச்சராகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை, கொஞ்சம் பெரிய அக்காவாகவும் இருக்கலாம். நான்கு வழிகளில் மூன்று வயதையும் ஐந்து வயதையும் ஒரே கூடத்தில் வைப்பவை இரண்டு. ஒன்று மாண்டிசோரி, மற்றது அங்கன்வாடி. கட்டணத்தில் இரு துருவங்களில் இருக்கும் இவை அமைப்பில் நெருக்கமானவை. நடுவில் இருக்கும் தனியார் பள்ளியோ பிரி-கே.ஜி., எல்.கே.ஜி., யு.கே.ஜி. என்று வயதுவாரியாகப் பிரித்துவிடுகிறது.

பியாஜே: 1 முதல் 100 வரை சொன்னால் எண்ணத் தெரியுமா?

சுவிஸ் உளவியலாளர் ழான் பியாஜே இளமையில் பாரிஸில் அறிவுத்திறன் சோதனைகளைச் சீர்படுத்தும் வேலை செய்தார். குழந்தைகள் தப்பாகச் சொல்லும் பதில்களில் ஓர் ஒழுங்கு இருப்பது அவர் கண்ணில் பட்டது. வாழ்நாள் முழுக்க அதைத்தான் துரத்தினார். அவர் பிரித்த நான்கு நிலைகளில் நமக்கு இப்போது வேண்டியது இரண்டாவது, ஏறத்தாழ இரண்டு முதல் ஏழு வயது வரையிலான செயலுக்கு முற்பட்ட நிலை, அதாவது கண்ணுக்குத் தெரிவதை வைத்தே குழந்தை முடிவு செய்யும் காலம்.

வீட்டிலேயே செய்து பார்க்கலாம். ஆறு புளியங்கொட்டையை ஒரு வரிசையாக வையுங்கள், கீழே இன்னொரு ஆறு. இரண்டும் சமமா என்று நான்கு வயதுக் குழந்தையைக் கேட்டால் சமம் என்று சொல்லும். இப்போது கீழ் வரிசையை அகலமாகப் பரப்பிவிட்டு எதில் அதிகம் என்று கேளுங்கள். பல குழந்தைகள் நீளமான வரிசையைக் காட்டும். 1 முதல் 100 வரை தடுக்காமல் சொல்லும் குழந்தையும் காட்டும். எண்களின் பெயரை ஒப்பிப்பதும் எண்ணிக்கை புரிவதும் வேறு வேறு. நோட்டில் நூறு வரை எழுதவைப்பது முதலாவதைத்தான் வளர்க்கிறது. கொட்டையைக் கூட்டி, பிரித்து, பகிர்ந்து விளையாடும் குழந்தைக்கு இரண்டாவது கைகூடும்.

பியாஜேயில் குறை இல்லாமல் இல்லை. மார்கரெட் டொனால்ட்சனும் சகாக்களும் 1970-களில் ஸ்காட்லாந்தில் இதே சோதனையைச் சற்று மாற்றினார்கள். பெரியவர் வரிசையைக் கலைப்பதற்குப் பதில் ஒரு குறும்புக் கரடிப் பொம்மை வந்து கலைத்தது. கூடுதலான குழந்தைகள் "இன்னும் சமம்தான்" என்று சரியாகச் சொன்னார்கள். பெரியவர் ஒரே கேள்வியை இரண்டு தடவை கேட்டால் பதிலை மாற்றச் சொல்கிறார் என்று குழந்தை எடுத்துக்கொண்டதும் தப்புக்குக் காரணமாக இருக்கலாம். ஆக, குழந்தைகள் பியாஜே நினைத்ததைவிடக் கெட்டிக்காரர்கள்.

"அப்படியானால் சீக்கிரமே பாடம் நடத்தலாமே?" என்று தோன்றும். நிலைகளை வேகப்படுத்த முடியுமா என்ற கேள்வியைப் பியாஜே அமெரிக்கக் கேள்வி என்றே அழைத்தார், அங்கே அதை அவ்வளவு அடிக்கடி கேட்டார்கள். டொனால்ட்சனின் ஆய்வை வேகப்படுத்தும் வாதத்துக்குச் சான்றாக எடுத்துக்கொள்வது சரியில்லை. குழந்தைக்குப் புரியும் சூழலில், விளையாட்டின் நடுவே, நோக்கம் தெளிவாக இருக்கும்போது அதன் அறிவு வெளிப்படுகிறது என்பதுதான் அங்கே தெரிந்தது. கோடு போட்ட நோட்டில் தினமும் ஒரு பக்கம் எழுதுவது அப்படிப்பட்ட சூழல் இல்லை.

மனித வாழ்நாளைக் கட்டங்களாகப் பிரித்த உளவியலாளர் எரிக்சனுக்கு இவ்வளவு நீளம் தேவைப்படாது. மூன்றிலிருந்து ஐந்து, ஆறு வயது வரையான காலத்தைத் தானே முன்வந்து தொடங்கும் துணிவுக்கும் குற்ற உணர்வுக்கும் இடையிலான இழுபறி என்றார். உழைத்துத் தேறுவதும் தாழ்வு மனப்பான்மையும் மோதுவது அதற்கடுத்த பள்ளி வயதில். மூன்று வயதிலேயே சிவப்பு மையும் ரேங்கும் வரும்போது அடுத்த கட்டத்தின் மோதலை முன்கூட்டியே குழந்தைமேல் சுமத்துகிறோம். எரிக்சனின் கட்டங்களைச் சோதனையில் வைத்து நிரூபிப்பது கடினம், அதனால் இதற்கு நான் கடைசி இடம்தான் தருவேன்.

மாண்டிசோரிக்குக் கொஞ்சம் தனியாகப் பேச வேண்டும்

இந்த முறைக்கும் நமக்கும் நேரடித் தொடர்பு உண்டு. 1907-ல் ரோமின் ஏழைக் குடியிருப்பான சான் லொரென்சோவில் முதல் குழந்தைகள் இல்லத்தைத் தொடங்கிய மரியா மாண்டிசோரி, பிரம்மஞான சபையின் அழைப்பில் 1939-ல் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி தந்தார். போரில் இத்தாலி எதிர் அணியில் சேர்ந்ததால் ஊர் திரும்ப முடியவில்லை. போர்க்காலத்தின் ஒரு பகுதியைக் கொடைக்கானலில் கழித்தார். அங்கே பல வயதுக் குழந்தைகளோடு வேலை செய்த அனுபவம் அவருடைய பிற்காலச் சிந்தனையை வளர்த்தது.

பியாஜே சுவிட்சர்லாந்து மாண்டிசோரி சங்கத்தின் தலைவராக இருந்தவர். எரிக்சன் வியன்னாவில் மாண்டிசோரிப் பயிற்சிப் பட்டயம் வாங்கியவர். வைகாட்ஸ்கிதான் முரண்பட்டார். மாண்டிசோரிக் குழந்தைகள் நான்கைந்து வயதில் எழுதுவதை அவர் ஒத்துக்கொண்டார். ஆனால் எழுத்து கைப்பழக்கமாக மட்டும் நின்றுவிடக்கூடாது, குழந்தைக்கு எழுத ஒரு தேவை இருக்க வேண்டும் என்றார். இதைவிடப் பெரிய வித்தியாசம் பாவனை விளையாட்டில் இருக்கிறது. குச்சியைக் குதிரையாக்குவதும், செப்புச் சாமானில் சோறு பொங்குவதும், டீச்சர் விளையாட்டும் வைகாட்ஸ்கிக்கு இந்த வயதின் உயிர்நாடி. விளையாடும் குழந்தை தன்னைவிட ஒரு தலை உயரமாக நிற்கிறது என்று எழுதினார். மாண்டிசோரிக்கு நிஜ வேலைதான் பிடிக்கும்: நிஜத் தண்ணீரை ஊற்றுவது, நிஜக் காய் நறுக்குவது. இதில் நான் வைகாட்ஸ்கி பக்கம். வீட்டில் பாவனை விளையாட்டுக்கு இடமும் துணையும் இருந்தால் மாண்டிசோரியின் இந்தக் குறை பெரிதில்லை. அடுக்குமாடி வீட்டில் ஒற்றைப் பிள்ளையாக வளரும் குழந்தைக்கு யோசிக்க வேண்டும்.

முடிவுகள் என்ன சொல்கின்றன?

அமெரிக்காவின் மில்வாக்கியில் குலுக்கலில் மாண்டிசோரிப் பள்ளி கிடைத்த குழந்தைகளையும் கிடைக்காதவர்களையும் ஒப்பிட்ட ஆய்வு 2006-ல் வெளிவந்தது. ஐந்து வயதில் எழுத்தறிவு, கணக்கு, பிறரோடு பழகுதல் ஆகியவற்றில் மாண்டிசோரிக் குழந்தைகள் முன்னே இருந்தார்கள். மிச்சிகனில் 1967-ல் 68 ஏழைக் குழந்தைகளை மூன்று வகை வகுப்புகளில் சேர்த்துப் பார்த்தார்கள். டீச்சர் எழுதிவைத்தபடி பாடம் நடத்தும் வகுப்பு ஒன்று, பியாஜே வழியில் குழந்தையே திட்டமிட்டுச் செய்வது ஒன்று, விளையாட்டு நர்சரி ஒன்று. ஆரம்பத்தில் மூன்றிலுமே அறிவுத்திறன் மதிப்பெண் ஏறியது. 23 வயதில் பார்த்தபோது, பாடம் நடத்திய வகுப்பிலிருந்து வந்தவர்களிடையே கைதுகள் அதிகமாக இருந்தன. சின்ன ஆய்வு என்பதால் அதைப் பெரிதாக ஊதக்கூடாது. டென்னசி மாநிலத்தின் அரசு மழலையர் திட்டத்தைப் பற்றிய ஆய்வு மிகப் பெரியது, சுமார் 3,000 குழந்தைகள். சேர்ந்தவர்கள் முதல் வருஷம் முந்தினார்கள், ஆறாம் வகுப்புக்கு வந்தபோது, திட்டத்தில் சேராதவர்களைவிடப் பின்தங்கினார்கள். சீக்கிரம் தொடங்குவதால் மட்டும் நன்மை நிலைத்துவிடாது என்பதற்கு இதைவிட வலுவான சான்று எனக்குத் தெரிந்து இல்லை.

நம் மாநிலத்து ஆய்வு ஒன்று இவை எல்லாவற்றையும்விட நமக்குப் பயன்படும். பொருளாதார அறிஞர் கார்த்திக் முரளிதரனும் சகாக்களும் தமிழ்நாட்டின் நான்கு மாவட்டங்களில் 320 அங்கன்வாடிகளை எடுத்துக்கொண்டார்கள். குலுக்கலில் தேர்ந்த மையங்களில் மட்டும், கல்விக்கென்றே அரை நாள் வேலை பார்க்கும் ஊழியர் ஒருவர் கூடுதலாகச் சேர்ந்தார். கற்பிக்கும் நேரம் இரண்டு மடங்கானது. 18 மாதம் கழித்துக் குழந்தைகளின் கணக்கும் மொழியும் தெளிவாக உயர்ந்திருந்தன. பழைய ஊழியருக்குச் சத்துணவுப் பணியைக் கவனிக்க நேரம் கிடைத்ததால், வளர்ச்சி குன்றிய குழந்தைகளின் விகிதமும் குறைந்தது. அங்கன்வாடியில் எங்கே இடிக்கிறது என்பது இதில் தெரிகிறது. ஒரே டீச்சர் எடை பார்த்து, பதிவேடு எழுதி, செல்போனில் விவரம் ஏற்றி, கணக்கெடுப்புக்கும் போனால் குழந்தைகளோடு உட்கார்ந்து பேச எப்போது முடியும்?

என் முடிவு இது. அங்கன்வாடி நடக்கும் தூரத்தில் இருந்து, டீச்சர் குழந்தைகளோடு பேசிப் பாடுபவராகவும் கட்டடம் பாதுகாப்பாகவும் இருந்தால் முதல் இடம் அதற்கே. முட்டையும் சத்துமாவும் வயது கலந்த கூட்டமும் தாய்மொழியும் வேறு எங்கேயும் ஒன்றாகக் கிடைக்காது. கௌரவக் குறைச்சல் என்று ஒதுக்குவதில் குழந்தைக்கு எந்த லாபமும் இல்லை. பணம் உள்ளவர்களுக்கு நல்ல மாண்டிசோரி அதற்குச் சமம். பெயர்ப் பலகையை நம்பக்கூடாது, அந்தப் பெயரை யார் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். காலையில் இடையூறு இல்லாமல் இரண்டரை, மூன்று மணி நேரம் குழந்தைகள் தாமே தேர்ந்த வேலையைச் செய்கிறார்களா, டீச்சருக்கு முறையான பயிற்சி உண்டா என்று பார்க்க வேண்டும். பாட்டி பேச்சுக்காரராக இருந்து தெருவில் விளையாட நாலு பிள்ளைகளும் இருந்தால் நான்கு வயது வரை வீடே போதும். பாட்டிக்கு முடியாமல் குழந்தை நாள் முழுக்க செல்போன் பார்க்கும் நிலை என்றால் வீடுதான் கடைசி இடம். நோட்டு, ஹோம்வொர்க், தேர்வு என்று ஓடும் பிரி-கே.ஜி.க்கு நால்வரில் ஒருவருடைய ஆதரவும் கிடையாது.

அண்ணன் படிக்கிறான், வேன் வருகிறது, வேறு வழியில்லை என்று அதே பள்ளியில் சேர்ப்பவர்கள் நிறையப் பேர். அவர்கள் கட்டணம் கட்டுவதற்கு முன் காலை பத்தரை மணி வாக்கில் ஒரு தடவை போய் வகுப்பு வாசலில் கொஞ்ச நேரம் நிற்கட்டும். டீச்சர் எத்தனை தடவை ஒரு குழந்தையிடம் குனிந்து பேசுகிறார் என்று பாருங்கள். எல்.கே.ஜி.யில் ஹோம்வொர்க் எழுதாவிட்டால் என்ன செய்வீர்கள் என்று கேளுங்கள். சேர்த்த பிறகு மாலையில் நோட்டைத் தேடுவதற்கு முன்னால் அரை மணி நேரம் பிள்ளையை அதன் போக்கில் விளையாட விட்டு, அது கேட்பதற்குப் பதில் சொல்லிக்கொண்டு பக்கத்தில் இருங்கள். எழுத்து முடியாமல் போனால் மிஸ்ஸிடம் பெற்றோரே போய்ச் சொல்லிக்கொள்ளலாம்.